கோத்தகிரிக் குளிரிலும் மீன் எண்ணெய் கெடுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. கடிதம் நீளம்; சாரம் இதுதான்:

"வெளிநாட்டில் இருக்கும் மகள் போன ஜூனில் வந்தபோது அரை லிட்டர் மீன் எண்ணெய் பாட்டில் இரண்டு கொண்டுவந்தாள். ஒன்றை அப்போதே உடைத்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஞாபகம் வரும்போது ஒரு ஸ்பூன் குடிப்பேன். ஏழு மாதமாகியும் பாதி மிச்சம். சமையலறை ஜன்னல் ஓரம், காலை வெயில் விழும் இடத்தில் இருக்கிறது. எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. வாடை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு மாதிரி. அது அடங்கட்டும் என்று வீட்டுக்காரம்மா தோட்டத்து ரோஸ்மேரியில் ஒரு கொத்து ஒடித்து உள்ளே போட்டாள். உடைக்காத இன்னொரு பாட்டில் ஸ்டோர் ரூமில். அது டிசம்பர் பனியில் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பூஞ்சணம் பிடித்துவிட்டது, கொட்டுங்கள் என்கிறாள். மீன் எண்ணெய் என்றால் நாறத்தானே செய்யும்? இங்கே தேங்காய் எண்ணெயே மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கிறது. இந்தக் குளிரில் எண்ணெய் எப்படிக் கெடும்? எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அப்படியே கெட்டிருந்தாலும், கொட்டாமல் கதவு ஜன்னலுக்குப் பூசலாமா?"

சார், இரண்டு விஷயத்தை உடனே சொல்லிவிடுகிறேன், மீதியை மெதுவாகப் படியுங்கள். தெளிவாக இருக்கிறதே, அந்தப் பாட்டிலை இன்றோடு நிறுத்துங்கள். கலங்கியிருக்கிறதே, அதைக் கொட்டிவிடாதீர்கள். வீட்டில் அம்மாவின் கண் ஏமாந்துவிட்டது. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நீங்கள்தான் அதை நம்பவில்லை.

தேங்காய் எண்ணெய் உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அது ஏன் உங்கள் ஊரில் கல்லாகிறது? அதிலுள்ள கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் மூலக்கூறுகள் நேரான குச்சிகள் மாதிரி; விறகு அடுக்கினாற்போல ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி உட்கார்ந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மீன் எண்ணெயில் அந்தக் குச்சிகள் பல இடங்களில் வளைந்திருக்கும். ஒவ்வொரு வளைவும் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒமேகா-3 என்று லேபிளில் போடுகிறார்களே, அதில் ஈபிஏ என்பதில் ஐந்து வளைவு, டிஹெச்ஏ என்பதில் ஆறு. கோணல் மாணலான குச்சிகளை அடுக்க முடியுமா? அதனால்தான் அது லேசில் உறைவதில்லை. குளிர்ந்த கடலில் திரியும் மீனுக்கு உடம்புக் கொழுப்பு இளக்கமாக இருந்தாக வேண்டும். மீனுக்கு வரம்; பாட்டிலில் அடைத்தபின் அதுவே சாபம். ஏனென்றால் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் இருக்கும் இடம்தான் அந்த மூலக்கூறின் பலவீனமான இடம். ஆக்சிஜன் அங்கேதான் கை வைக்கும். ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பமிலத்தைவிட இரண்டு உள்ளது பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஆக்சிஜனைப் பிடிக்கும். மூன்று என்றால் அதைப் போல் இரண்டு மடங்கு. ஐந்தும் ஆறும் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, உங்கள் வீட்டில் எந்த எண்ணெய் குளிரில் உறையாமல் தண்ணீர் போல் இருக்கிறதோ, அதுதான் முதலில் கெடும்.

குளிர் உதவாது என்று சொல்லவில்லை. பத்து டிகிரி குறைந்தால் இந்த வேலை ஏறக்குறைய பாதி வேகத்தில் நடக்கும். சென்னையில் மூன்று மாதத்தில் கெடுவது உங்கள் வீட்டில் ஆறு ஏழு மாதம் தாங்கியிருக்கும். தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நிற்கவில்லை.

உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். இலையை நசுக்கி வெட்டும் சிடிசி மெஷினில் வெட்டுப்பட்ட இலையைப் பரப்பி, ஃபெர்மென்டேஷன் என்று சொல்லிக் காத்திருப்பீர்கள் அல்லவா? பச்சை இலை செம்பு நிறமாவதும் ஆக்சிஜன் வேலைதான். ஆனால் அங்கே வேலையாள் இலையிலேயே இருக்கும் நொதி. டிரையரில் சூடு பட்டதும் நொதி செத்துவிடும், வேலை நின்றுவிடும். மீன் எண்ணெயில் நொதியும் இல்லை, டிரையரும் இல்லை. ஒருமுறை பற்றிக்கொண்டால் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போகும்; சூடு காட்டினால் இன்னும் வேகமாக ஓடும்.

எப்படி ஓடும்? முதலில் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடு ஆகும். ஆகும்போது பக்கத்து மூலக்கூறைச் சீண்டிவிட்டுத்தான் ஆகும். அது அடுத்ததை. பெராக்சைடுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. அதனால் முதல் கட்டத்தில் யார் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெயில் கலந்திருக்கும் வைட்டமின் ஈ போன்ற தடுப்பான்கள் தீரும்வரை சங்கிலி மெதுவாக நகரும். தீர்ந்ததும் பிய்த்துக்கொண்டு ஓடும். அப்புறம் பெராக்சைடுகள் உடைந்து, துண்டு துண்டாக ஆல்டிஹைடுகள் ஆகும். வாடை அங்கேதான் பிறக்கிறது. அவை மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். "போன வாரம்வரை நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று நாறுகிறது" என்று பலர் எழுதுவார்கள். திடீரென்று இல்லை. பல வாரமாகச் சத்தமில்லாமல் நடந்தது அன்றைக்கு மூக்குக்கு எட்டியிருக்கிறது.

இப்போது உங்கள் பாட்டிலுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். பாதி எண்ணெய், பாதி காலி என்கிறீர்கள். காலியான இடத்தில் 250 மி.லி காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதாவது சுமார் 50 மி.லி. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் லேசு, கடற்கரையில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். அந்தச் சலுகையையும் கழித்துக் கணக்குப் போட்டேன். அந்த ஆக்சிஜன் முழுவதையும் எண்ணெய் குடித்தால், எண்ணெயில் எவ்வளவு பெராக்சைடு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண் சுமார் 15 ஏறும். மீன் எண்ணெய்க்கு 2017ஆம் ஆண்டு கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு வகுத்த தரத்தில் இந்த எண்ணுக்கு உச்ச வரம்பு 5. அதாவது, நீங்கள் மூடியை ஒருமுறை இறுக்கி மூடி வைத்துவிட்டுப் போனாலே, எண்ணெயை வரம்புக்கு மூன்று மடங்கு தாண்டவைக்கும் சரக்கு உள்ளேயே இருக்கிறது. நீங்களோ வாரத்துக்கு இரண்டு முறை திறந்து புதுக் காற்றை நிரப்புகிறீர்கள். எண்ணெய் குறையக் குறையக் காற்று கூடும். கடைசிக் கால் பாட்டில்தான் எப்போதும் மோசமாக இருக்கும்.

எக்ஸ்பைரி தேதி விஷயமும் இதில் முடிந்துவிடுகிறது. அந்தத் தேதி, ஆலையில் நைட்ரஜன் ஊதி, காற்றை விரட்டி, முத்திரை வைத்த பாட்டிலுக்கு. முத்திரை உடைந்த நிமிஷத்திலிருந்து வேறு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அது லேபிளில் இல்லை.

அடுத்தது ஜன்னல். வெளிச்சம் பெராக்சைடுகளை உடைத்து, ஒன்று பலவாகச் சங்கிலியைப் பெருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும் என்பார்கள். மலை வெயில் சுடாது, ஆனால் கடிக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. ஜன்னல் கண்ணாடி அதில் ஒரு பங்கைத்தான் தடுக்கும்.

ரோஸ்மேரி. இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தேன், அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். யோசனை தப்பில்லை. ரோஸ்மேரியில் இருக்கும் கார்னோசிக் அமிலம் நல்ல தடுப்பான். ரோஸ்மேரிச் சாற்றைத் தொழிற்சாலைகளிலேயே மீன் எண்ணெயில் கலக்கிறார்கள். ஆனால் அவர்கள் கலப்பது பச்சை நிறத்தையும் வாசனையையும் பெரும்பாலும் நீக்கிய சாறு. அம்மா போட்டது பச்சைக் கொத்து. இலையின் பச்சையம் எண்ணெயில் இறங்கும். பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து ஆக்சிஜனை உசுப்பிவிடும். அப்படி உசுப்பிவிட்ட ஆக்சிஜன் சங்கிலிக்கெல்லாம் காத்திருக்காது, நேராகவே இரட்டைப் பிணைப்பில் போய் மோதும். வெயில் விழும் ஜன்னலில் பச்சை இலை போட்ட மீன் எண்ணெய் என்றால், கெடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. ஈர இலை காற்றில்லாமல் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடப்பது கிருமிக்கும் வசதி. ரோஸ்மேரி வாசனை வேறு காறலை மூடிவிடும். கடையில் விற்கும் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை போட்ட மீன் எண்ணெய்கள் மேல் எனக்கு இருக்கும் குறையும் இதுதான். வாங்குகிறவர் மூக்கைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கரண்டியில் ஊற்றிக் குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பித்தளை, செம்பு என்றால் விட்டுவிடுங்கள். வெகு காலம் முன்பு கடற்கரையோரம் ஒரு மீன் எண்ணெய் ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். ஒரே நாளில் நிரப்பிய இரண்டு தொட்டிகள். ஒன்றில் அடி வால்வு பழுதாகி, அவசரத்துக்குப் பித்தளை வால்வை மாட்டிவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்துத் தொட்டி அசையாமல் இருக்க, இதில் மட்டும் நாளுக்கு நாள் எண் ஏறியது. அந்த எண்ணை அளக்கும் டைட்ரேஷன் சோதனையில் நான்தான் தப்புச் செய்கிறேன் என்று மூன்று நாள் எனக்குத் திட்டு. நான்காம் நாள் டார்ச் லைட்டோடு தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் மஞ்சளாக அந்த வால்வு தெரிந்தது. செம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு கரைந்தாலே போதும், இந்த வேலை பல மடங்கு வேகமெடுக்கும். எவர்சில்வர் ஸ்பூன் பரவாயில்லை, உலர்ந்ததாக இருக்கட்டும். ஸ்பூனில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்ற வேண்டாம்.

"நாறத்தானே செய்யும்" என்பதற்கு வருகிறேன். அந்தப் பேச்சு பழைய காலத்து மிச்சம். காட் மீனின் ஈரலைப் பீப்பாயில் போட்டு, அது அழுகி மேலே மிதக்கும் எண்ணெயை வடித்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. 1850களில் நார்வேயில் பீட்டர் மோலர் என்பவர் புது ஈரலை நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்துக் காட்டினார். நாற்றம் பெருமளவு போயிற்று. நம் பக்கத்தில் சுறா ஈரல் எண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த தலைமுறை உங்களுடையது, அந்த ஞாபகம் போகாது. ஆனால் நல்ல மீன் எண்ணெய் நாறாது. ஐஸில் வைத்த புது மீனின் லேசான கடல் வாசம் இருக்கும், அவ்வளவே. பழசாக ஆரம்பிக்கும்போது வெள்ளரிப் பிஞ்சு, நறுக்கிய புல் மாதிரி ஒரு பச்சை வாசம் எட்டிப் பார்க்கும். அதற்கடுத்து மத்திக் கருவாடு மஞ்சள் பாரித்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. கடைசியில் பெயின்ட், ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் புட்டி. நீங்கள் கடைசி ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறீர்கள்.

பெயின்ட் என்று நீங்கள் எழுதியது வெறும் உவமை இல்லை. பெயின்டில் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதே ஆக்சிஜன் வேலைதான்; மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தோலாகிவிடும். பாட்டிலின் கழுத்து மரையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று, பழுப்பாக, நகத்தால் சுரண்டினால் வார்னிஷ் மாதிரி உரிந்து வரும். அதுதான் அது.

இதனால் முகர்ந்து பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூடியை முகராதீர்கள், நல்ல எண்ணெயாக இருந்தாலும் மூடியில் ஒட்டிய மெல்லிய பூச்சு முதலில் காறிவிடும். நாலு சொட்டைப் புறங்கையில் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, பத்து விநாடி கழித்து முகருங்கள். இலையின் பச்சை வாடை போய்ப் பழ வாசனை எப்போது வருகிறது என்று முகர்ந்து டிரையருக்கு அனுப்பிய மூக்கு உங்களுடையது. எங்கள் ஆய்வகக் கருவிக்கு அது இளைத்ததில்லை. சொல்லப்போனால், ஆய்வகத்தில் பெராக்சைடு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எண்ணெய் ரொம்பக் கெட்டபின் பெராக்சைடுகள் உடைந்து அந்த எண் இறங்கிவிடும். பார்ப்பதற்கு நல்ல எண்ணெய் போலிருக்கும். அதனால் ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் எண்ணையும் பார்ப்போம். அதற்கு வரம்பு 20. பெராக்சைடு எண்ணை இரண்டால் பெருக்கி இதோடு கூட்டினால் வருவது, மொத்தக் கெடுதலைக் காட்டும் டோட்டாக்ஸ்; அது 26ஐத் தாண்டக்கூடாது.

இத்தனை நாள் குடித்தது என்ன செய்யும் என்று கவலைப்பட வேண்டாம். ஏப்பம், குமட்டல், வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும். ஒரு ஸ்பூன் ஆளைக் கவிழ்த்துவிடாது. ஆனால் எதற்காகக் குடித்தீர்களோ அந்த ஒமேகா-3யில் ஒரு பங்கும், கூட இருந்த வைட்டமின்களும் போயிருக்கும்; தேவையில்லாத ஆல்டிஹைடுகள் மட்டும் கூடியிருக்கும். தெரிந்தபின் குடிக்க ஒரு காரணமும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மீன் எண்ணெய் குடிப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லேபிளில் காட் ஈரல் எண்ணெய் என்று இருந்தால் வைட்டமின் ஏ நிறைய இருக்கும். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று ஸ்பூன் குடிக்கிற வழக்கம் வேண்டாம்.

சரி, கலங்கிய பாட்டில். மீன் எண்ணெயிலும் கொஞ்சம் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. டிசம்பர் இரவில் அந்தக் கொஞ்சம் மட்டும் உறைந்து, வெண்மையாகப் படிகிறது. உங்கள் தேங்காய் எண்ணெய்க்கு நடப்பதேதான். எண்ணெயைக் குளிரவைத்து, உறைந்ததை வடிகட்டி எடுத்துவிட்டுத்தான் சில ஆலைகள் பாட்டிலில் அடைப்பார்கள், எல்லோரும் செய்வதில்லை. பூஞ்சணம் வளரத் தண்ணீர் வேண்டும், சுத்தமான எண்ணெயில் அது இல்லை. சந்தேகம் தீர, மூடியைத் திறக்காமல், கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கரைந்து தெளிந்துவிட்டால் கொழுப்புதான். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

தெளிந்ததும் உடைக்கலாம். உடைக்கும் அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பழைய பழுப்பு நிற டானிக் பாட்டில்கள் இரண்டு மூன்றைக் கழுவி, துளி ஈரம் இல்லாமல் காயவைத்து, எண்ணெயைக் கழுத்துவரை ததும்ப நிரப்பி மூடிவிடுங்கள். கழுத்துவரை நிறைந்த பாட்டிலில் காற்றுக்கு இடமில்லை. முன்னால் போட்ட கணக்கு அங்கே செல்லாது. எல்லாமே ஃப்ரிட்ஜுக்குள். குளிர்காலம்தானே என்று மலையில் சில வீடுகளில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவார்கள், அது வேண்டாம். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன் தினமும் என்று இரண்டு பேரும் குடித்தால் அரை லிட்டர் ஐம்பது நாளில் தீர்ந்துவிடும், அதுதான் சரியான வேகம். ஞாபகம் வரும்போது குடிக்கிறவருக்கு அரை லிட்டர் பாட்டில் லாயக்கில்லை. அடுத்த முறை மகளிடம் சின்ன பாட்டிலோ மாத்திரையோ கேளுங்கள். மாத்திரை என்றால் ஜூலை மூடுபனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், டப்பாவை இறுக்கி மூடி வைக்க வேண்டும். அதைவிட, மேட்டுப்பாளையத்திலிருந்து மத்தி மேலே வரும் நாளில் வாங்கிக் குழம்பு வையுங்கள் என்பேன்; அது என் நாக்கின் கட்சி.

கதவுக்குப் பூசலாமா என்ற கேள்வி. தெற்குக் கடற்கரையில் மர வள்ளங்களுக்கு மத்தி எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். காய்ந்து படலமாகி மரத்தைக் காக்கும். ஆக, உங்கள் யோசனைக்கு வம்சாவளி உண்டு. ஆனால் வள்ளம் கடலில் நிற்கிறது, உங்கள் கதவு வீட்டில் இருக்கிறது. வாரக்கணக்கில் வீடு நாறும். இன்னொன்று, பூசிய துணி. இந்த எண்ணெய் ஆக்சிஜனைக் குடிக்கும்போது சூடு விடும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கலாம். மீன் தூள் ஏற்றிய கப்பல்களில் இப்படி நெருப்பு வந்திருக்கிறது; தடுப்பான் கலந்துதான் ஏற்ற வேண்டும் என்று கடல் வழி விதியே உண்டு. அந்தத் துணியை விறகுக் கொட்டகையில் ஒரு மூலையில் போட்டீர்கள் என்று வையுங்கள்... வேண்டாம் சார். எண்ணெய் துடைத்த துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லையென்றால் விரித்துக் காயப் போடுங்கள்.

தோட்டத்திலும் ஊற்றாதீர்கள். விளக்கு எண்ணெய்க்காகக் கோவில் கதவை உடைக்கும் கரடிகள் உலவும் ஊரில் இருந்துகொண்டு, மீன் எண்ணெயை மண்ணில் ஊற்றுவது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. எண்ணெயைப் பாட்டிலிலேயே விட்டு, மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்து, குப்பை வண்டி வரும் காலையில் கையோடு கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் இரவே வாசலில் எடுத்து வைக்க வேண்டாம்.